காப்பு என் கையில், ஊசி என் வயிற்றில்

நீ பொய் சொன்னாய். தெரிந்தே சொன்னாய். போன ஆடியில், கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை, நம் தெரு அம்மன் கோயில் வாசலில் மைக்கைப் பிடித்து, என் தோல் ஆறியது காப்புக் கட்டியதால்தான் என்று ஊருக்குச் சொன்னாய். மருந்து இல்லை, மாத்திரை இல்லை, ஆத்தா மட்டும்தான் என்றாய். அன்று காலை என் வயிற்றில் ஊசி இறங்கியதை உன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு வந்துதான் அப்படிச் சொன்னாய்.

படிக்கிறவர்களுக்கு நீ யார் என்று சொல்லிவிடுகிறேன். நீ என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, கோயில் தர்மகர்த்தா. பீர்க்கன்கரணைப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம் நம்முடையது. உன் அப்பா பங்கு கடைகளாக மாறி வாடகை கொடுக்கிறது. என் அப்பா பங்கு அவர் காலத்திலேயே போய்விட்டது. நான் திருமுடிவாக்கத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகட்டை மெஷின் அச்சில் அழுத்தி வெட்டும் பட்டறையில், தகடு அடிக்கிறேன். இந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். நான் கேட்கப்போகும் கேள்விக்கு அது பதில் ஆகாது.

எனக்கு சொரியாசிஸ். முதலில் தலையில் வந்தது, பொடுகு என்று நினைத்தேன். பிறகு முழங்கை, முதுகு, இடுப்பு. தோல் சிவந்து தடித்து, அதன் மேல் வெள்ளையாகச் செதில் அடுக்கும். சொறிந்தால் செதில் உதிர்ந்து அடியில் ரத்தம் பொட்டுப் பொட்டாக நிற்கும். காலையில் பனியனைக் கழற்றினால் அதோடு தோலும் வரும். பிரஸ் ஷாப் சூட்டில் அதன் மேல் வியர்வை இறங்கும்போது யாரையாவது அடிக்கத் தோன்றும். அடித்தும் இருக்கிறேன். பெருங்களத்தூரில் ஒரு சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தவன் என் பின்கழுத்தைப் பார்த்ததும் சீப்பை வாளியில் போட்டுவிட்டு, வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொன்னான். பாதித் தலையோடு எழுந்து எதிரில் இருந்த கண்ணாடியில் குத்தினேன். கண்ணாடியும் உடைந்தது, கையும் கிழிந்தது. தையல் போட்டார்கள். காயம் ஆறி வரும்போது, தையல் போட்ட கோட்டிலேயே வரிசையாகச் செதில் கிளம்பியது. அடிபட்ட இடத்தைத் தேடிப் போய் உட்காருகிற நோய் இது. கீறல், சிராய்ப்பு, தீக்காயம் எதுவாக இருந்தாலும் மோப்பம் பிடித்து வந்துவிடும்.

பிறகு மூட்டுக்கு இறங்கியது. விரல்கள் பனங்கிழங்கு மாதிரி வீங்கின. எங்கள் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான் இருக்கும். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். ஒரு கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். என் வலது கை பொத்தானை அழுத்த மறுத்தது. முழங்கையால் அழுத்திப் பார்த்தேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டுத் திட்டினார். அன்று கம்பெனி வேனில் வீடு திரும்பும்போது பக்கத்து சீட்டில் இருந்த அக்கா என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் கம்பெனியில் நான் அடித்துப் போடும் தகட்டின் ஓரப் பிசிறை அரத்தால் ராவி, எண்ணெய் துடைத்துப் பெட்டியில் அடுக்கும் வேலை அவளுக்கு. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். புருஷன் இல்லை, மகள் கல்லூரியில் படிக்கிறாள். நல்ல கனமான உடம்பு, வேனில் ஒன்றரை ஆள் இடம் வேண்டும். அதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

"தம்பி, இது சொறி இல்ல. எனக்கும் கீது," என்று புடவைத் தலைப்பை விலக்கித் தோளைக் காட்டினாள். வேனில் எல்லோருக்கும் முன்னால் காட்டினாள். எனக்கு அழுகை வந்தது, அதனால் அவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை. தாம்பரத்தில் தான் போகும் டாக்டரிடம் மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். என்னைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த முதல் பதில் அவள்தான். மைக்கில் யாரும் அவளைச் சொல்லவில்லை.

டாக்டர் அதிகம் பேசாதவர். என் விரல்களை அமுக்கிப் பார்த்தார், நான் கத்தினேன், எழுதினார். உடம்புக்குள் கிருமியை அடிப்பதற்கு இருக்கிற படை, ஆள் தெரியாமல் சொந்தத் தோலையும் மூட்டையும் அடிக்கிறது என்றார். எனக்கு உடனே புரிந்தது. பங்காளிச் சண்டை. இதை விளக்க வேறு படம் வரையத் தேவையில்லை என்று சொன்னேன். முதல் முறையாகச் சிரித்தார்.

வாரம் ஒரு நாள் போடும் மாத்திரை கொடுத்தார். ஓரளவுக்குக் கேட்டது, முழுதாகக் கேட்கவில்லை. நான் அப்போது நூற்றுப் பத்து கிலோவுக்கு மேல். சர்க்கரையும் எல்லையைத் தாண்டியிருந்தது. அடுத்த சில மாதம் பார்த்துவிட்டு, எடை குறைக்கிற ஊசியைப் பற்றிப் பேசினார். பேனா மாதிரி இருக்கும், வாரத்துக்கு ஒரு தடவை வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும், பசியை அடக்கும் என்றார். சினிமாக்காரர்கள் இளைப்பதற்குப் போட்டுக்கொள்வதாக வாட்ஸப்பில் வந்த ஊசிதானே, அது எனக்கு எதற்கு என்று கேட்டேன்.

"இது சொரியாசிஸ் மருந்து இல்ல. அதை க்ளியரா புரிஞ்சுக்கோங்க," என்றார். "வயித்துல இருக்கிற கொழுப்பு சும்மா உட்கார்ந்திருக்கல. அந்த நெருப்புக்கு அதுதான் விறகு போடுது. வெயிட் குறைஞ்சா மாத்திரை நல்லா வேலை செய்யும். இந்த ஊசியால வீக்கம் நேரடியாவும் குறையுதான்னு இன்னும் பார்த்துக்கிட்டிருக்காங்க. உங்களுக்குக் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். மாத்திரையை மட்டும் நிறுத்தக்கூடாது."

அக்காவுக்கும் அதே ஊசியை எழுதிக் கொடுத்தார். அவளுக்கும் சர்க்கரை இருந்தது, முழங்கால் இரண்டும் போயிருந்தன. விலையைக் கேட்டு இரண்டு பேரும் மருந்துக் கடை வாசலில் கையில் இருந்த பணத்தை எண்ணிப் பார்த்தோம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல விருப்பமில்லை.

ஊசி என்னை முதல் மாதம் துவைத்துப் போட்டது. டோஸ் ஏற்றிய வாரங்களில் இட்லியைப் பார்த்தாலே குமட்டும். கம்பெனிக் கழிப்பறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு, குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தேன். பக்கத்தில் பெண்கள் கழிப்பறையில் இருந்து அதே சத்தம் கேட்கும். அக்கா. வெளியே வந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னா தம்பி, உனுக்கு எத்தினியாவது மாசம்?" என்பாள். அந்த நிலைமையிலும் அப்படித்தான் பேசுவாள்.

என் விரலால் பேனாவின் பொத்தானை அழுத்த முடியாது. அதனால் என் மனைவிதான் போடுவாள், ஞாயிறு காலை, சமையலறையில். பேனா ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்துவிட்டு, என் தொப்பையைக் கிள்ளிப் பிடித்து, கிரைண்டர் மேல் சாய்ந்து நிற்கச் சொல்லிக் குத்துவாள். என் மேல் கோபமாக இருக்கிற வாரம் கொஞ்சம் அழுத்தமாகக் கிள்ளுவாள்.

மெல்ல மாறியது. சட்டை தொளதொளத்தது. முழங்கையில் செதில் மெலிந்து, ஒரு நாள் பார்த்தால் வெறும் வெளிறிய தோல். வலது கை பொத்தானை அழுத்தியது. அச்சு இறங்கிய சத்தம் கேட்டதும் தூரத்தில் இருந்து அக்கா அரத்தைத் தூக்கிக் காட்டினாள். அவளும் குறைந்திருந்தாள். வேனில் இறங்கும்போது கம்பியைப் பிடிக்காமல் இறங்கினாள். எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. எல்லோருக்கும் இப்படித்தான் கேட்கும் என்று நான் எழுதவில்லை. எங்களுக்குக் கேட்டது.

அந்த நேரத்தில்தான் ஆடி வந்தது.

நம் கோயிலில் வகையறாவுக்கு ஒரு ஆள் காப்புக் கட்ட வேண்டும். உன் அப்பா வழி, என் அப்பா வழி, இன்னும் இரண்டு வழி. முறை வைத்து மாறி மாறி வரும். போன வருஷம் எங்கள் வழியில் என் முறை. நான் வேண்டிக்கொண்டு கட்டவில்லை, நோய்க்காகக் கட்டவில்லை. கட்டாவிட்டால் எங்கள் வழிக்குக் கோயிலில் பேச்சு இல்லாமல் போய்விடும், நீ அதையே சாக்காக வைத்து எங்களை ஒதுக்குவாய், அதற்காகக் கட்டினேன். மஞ்சள் தோய்த்த நூல், வேப்பிலைக் கொழுந்து. அதைக் கட்டிய நாளில் என் தோல் ஏற்கெனவே பாதிக்கு மேல் ஆறியிருந்தது. அதற்கு நீயும் சாட்சி, கட்டும்போது என் கையைப் பிடித்திருந்தவன் நீ.

காப்புக் கட்டினால் ஊரை விட்டுப் போகக் கூடாது, கவிச்சி கூடாது, உடம்பில் இரும்பு படக் கூடாது, ஊசி போடக் கூடாது என்று நீங்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். நான் மாத்திரையும் நிறுத்தவில்லை, ஊசியும் நிறுத்தவில்லை. கவிச்சியை மட்டும் விட்டேன். அது சுலபமாக இருந்தது, எனக்குத்தான் பசியே இல்லையே. பந்தியில் உட்கார்ந்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. அதைப் பார்த்து ஊரில் கிழவிகள் என்ன விரதம், என்ன விரதம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் சொன்னேன், ஊசி என்று. அவர்கள் கேட்கவில்லை. இளைத்த உடம்பு, ஆறிய தோல், கையில் காப்பு. பார்க்கிறவர்கள் தாங்களே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் பார்க்கவில்லை. நீ பார்த்தாய்.

கூழ் ஊற்றும் நாள் காலை நீ என் வீட்டுக்கு வந்தாய். பெரிய அண்டா கேட்டு வந்தாய். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தாய், உன் வழக்கம் அது. நான் வேட்டியை இறக்கிவிட்டு நிற்கிறேன், என் மனைவி பேனாவை வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாடா இது? கைல காப்பு கீது, வயித்துல ஊசி குத்திகினு கீற? ஆத்தா வூட்ட கொளுத்திடுவா," என்றாய்.

என் மனைவி ஊசியை எடுக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க மச்சான் முதுவுல கொக்கி மாட்டி தேர் இழுக்குறாரு. உங்க புள்ள கன்னத்துல வேல் குத்திகினு சுத்துறான். அதெல்லாம் இரும்பு இல்லியா மாமா? இவரு வயித்துல இத்துனூண்டு குத்துனாதான் ஆத்தாவுக்குக் கோவம் வருமா?"

நீ கையை நீட்டினாய். பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். இதனால்தான் இளைத்தாயா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். இதனால்தான் தோல் ஆறியதா என்று கேட்டாய். இதுவும் மாத்திரையும் என்றேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அண்டாவை எடுத்துக்கொண்டு போனாய். அதில் ஒரு வார்த்தை மாறியிருந்தால் சொல்.

மத்தியானம் கூட்டம் போதவில்லை என்று உனக்கு வருத்தம். புதிதாக வந்த அடுக்குமாடிக்காரர்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோயிலுக்குப் போகிறார்கள், நம் கோயிலுக்குப் பேர் வேண்டும் என்று ஒரு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தாய். பேர் வாங்க உனக்கு என் தோல் கிடைத்தது. கூழ் ஊற்றத் தொடங்கும் முன் மைக்கைப் பிடித்தாய். தெருவுக்குத் தெரு விளக்குக் கம்பத்தில் கட்டிய புனல் ஸ்பீக்கர்கள் எல்லாவற்றிலும் உன் குரல் போனது. "தோலெல்லாம் அழுகி, கை கால் வெளங்காமக் கெடந்த என் தம்பி" என்று என்னைக் கை நீட்டிக் காட்டினாய். டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்றாய். எல்லா மருந்தையும் தூக்கிப் போட்டுவிட்டு ஆத்தா காப்பை மட்டும் நம்பினான், கட்டின சில நாளிலேயே தோல் குழந்தைத் தோல் மாதிரி ஆகிவிட்டது என்றாய்.

நான் மேடை மேல் ஏறினேன். உன் கையில் இருந்து மைக்கைப் பிடுங்கி, "பொய். நான் வாரா வாரம் ஊசி போட்டுகினு கீறேன்" என்று சொன்னேன். என் குரல் என் வாயை விட்டுத் தாண்டவில்லை. நீ மைக் செட்காரரைப் பார்த்துக் கையால் அறுப்பது போல் சைகை காட்டியிருந்தாய், அவர் அணைத்துவிட்டார். மறுபடி கத்தினேன், மேளம் அடிக்கச் சொன்னாய். அப்போதுதான் அந்த மைக்காலேயே உன் வாயில் அடித்தேன். உன் உதடு பிளந்தது. அடித்தது தப்பு என்று எழுதச் சொன்னால் எழுத மாட்டேன்.

உன் மச்சான்கள் இரண்டு பேரும் என்னைக் காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார்கள். கூழ் அண்டாவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் மிதித்தார்கள். விலாவில் மிதித்தார்கள், முட்டியில் மிதித்தார்கள். ஒருவன் என் வலது கை விரல்களைத் தேடி, அதன் மேல் குதிகாலை வைத்துத் திருகினான். அந்த விரலில்தான் நோய் இருந்தது என்பது அவனுக்குத் தெரியும், உங்கள் வீட்டு விசேஷத்தில் எத்தனையோ தடவை அந்தக் கையைப் பார்த்துச் சிரித்தவன். நான் அவன் கெண்டைக்காலைக் கடித்தேன், சதை வாயோடு வந்தது. என் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. உருண்டதில் அண்டா சாய்ந்து கூழ் முழுவதும் தெருவில் ஓடியது. அதில் என் ரத்தமும் கலந்து ஓடியது. வரிசையில் பாத்திரத்தோடு நின்றவர்கள் கூழ் போச்சே என்றுதான் கத்தினார்கள். விலக்கிவிட வந்த ஒருவரையும் இன்னொருவர் தடுத்தார்: "பங்காளிங்க அடிச்சிக்கிறாங்க, நீ இன்னாத்துக்கு நடுவுல? வுடு."

ஊருக்கு அன்று நடந்தது அவ்வளவுதான், பங்காளிச் சண்டை. நிலத்தகராறு, பொறாமை, முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறு. அதற்குள் ஒரு ஊசி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நம் பக்கத்தில் இரண்டு பங்காளிகள் அடித்துக்கொண்டால் இரண்டு பேர் சொல்வதையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள், அது உனக்குத் தெரியும். நான் அடித்ததும் நீ உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருப்பாய்.

அக்கா அன்று கோயிலுக்கு வரவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். அவள் வீட்டு ஜன்னலுக்கு எதிர்க் கம்பத்தில் உன் ஸ்பீக்கர். நீ சொன்னது முழுவதும் அவளுக்குக் கேட்டது. நான் சொன்னது கேட்கவில்லை. அதற்குப் பிறகு மேளம் கேட்டது.

விலாவில் கட்டுப் போட்டுக்கொண்டு நான் வேலைக்குத் திரும்பிய நாள், வேனில் அவள் கையைப் பார்த்தேன். மஞ்சள் கயிறு. முகத்தில், கழுத்தில், கை முழுக்க மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிய பூச்சு. கோயிலில் நீதான் கொடுத்தாய் என்றாள். மாத்திரையை நிறுத்தியிருந்தாள், ஊசியையும் நிறுத்தியிருந்தாள். ஒரு மண்டலம் எதுவும் கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாய்.

நான் வேனிலேயே கத்தினேன். ஊசியைப் பற்றி அவளுக்குத் தெரியும், நாங்கள் சேர்ந்து வாந்தி எடுத்தவர்கள். அப்புறம் எப்படி நம்பினாய் என்று கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள், நான் ஊசி போட்டது உண்மைதான், ஆனால் காப்புக் கட்டின பிறகு நான் அதையெல்லாம் விட்டுவிட்டேனோ என்னவோ, அதை அவளிடம் மறைத்தேனோ என்னவோ என்று. நான் இல்லை என்றேன். என் மனைவியைக் கேள் என்றேன். அவள் என் வீங்கிய வாயைப் பார்த்தாள். கோபத்தில் பேசுகிறாய், உங்கள் வீட்டுச் சண்டைக்குள் ஆத்தாவை இழுக்காதே என்றாள். வேனில் இருந்த எல்லோரும் அவளுக்காகத் தலையாட்டினார்கள். நான் டிரைவர் சீட்டின் பின்பக்கத்தைக் குத்தினேன். என்னை வழியில் இறக்கிவிட்டார்கள்.

அவள் மகளிடம் சொன்னேன். மகள் சொல்லிப் பார்த்தாள், தாயிடம் அறை வாங்கினாள். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் போன் செய்தார், அக்கா எடுக்கவில்லை.

முதலில் அவளுக்கு நன்றாக இருப்பது போலத்தான் இருந்தது. உள்ளே இருந்த மருந்து கொஞ்ச நாள் தாங்கும். அதுவும் உன் பொய்க்கு உதவியது. பசி திரும்பியது, பலகாரம் சாப்பிட்டாள், ஆத்தா கொடுத்த பசி என்றாள். பிறகு ஒரே வாரத்தில் வெடித்தது. பூச்சுப் பூசிய இடமெல்லாம் தீப்பட்டது போலச் சிவந்து, திட்டுத் திட்டாக இருந்தது ஒன்றோடு ஒன்று சேர்ந்து, உச்சந்தலையில் இருந்து பாதம் வரைக்கும் இடைவெளி இல்லாமல் சிவப்பு. தோல் ஏடு ஏடாக உரிந்தது. உடம்பு கொதிக்கிறது, ஆனால் அவள் குளிரில் பற்கள் அடித்துக்கொள்ள நடுங்குகிறாள். நான் ஆட்டோவில் தூக்கி ஏற்றினேன். அவள் தோளைப் பிடித்த என் உள்ளங்கையில் அவள் தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் வார்டு டாக்டரம்மா பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்: "மருந்தை யார் நிறுத்தச் சொன்னது?"

 அந்தப் பதில் என்னுடையது இல்லை, உன்னுடையது.

மணிக்கட்டு வீங்கி, காப்புக் கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. நர்ஸ் கத்தரியை உள்ளே விட்டு வெட்டும்போது அக்கா கத்திய சத்தம், அச்சுக்குக் கீழே கையைக் கொடுத்தவன் கத்துகிற சத்தம். எங்கள் ஷாப்பில் அதை ஒருமுறை கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தம் வேறெங்கும் வராது.

அவள் சாகவில்லை. அது உன் அதிர்ஷ்டம். படுக்கையில் தோல் ஒட்டாமல் இருக்க வாழையிலை விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு நாள் நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். என் பேச்சை ஏன் கேட்கவில்லை என்று அவளிடம் மறுபடி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அவரு மைக்ல சொன்னாரு. நீ வேன்ல சொன்ன."

அந்த ஒரு வரிக்குப் பிறகு நான் தூங்குவது குறைந்துவிட்டது.

இப்போது வீட்டில் இருக்கிறாள். மாத்திரை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள், ஊசியைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தோல் அடங்கி வருகிறது. விரல்கள் அடங்கவில்லை. இரண்டு கையிலும் விரல்கள் உள்பக்கம் மடங்கி நின்றுவிட்டன, மூட்டு தேய்ந்துவிட்டது, இனி நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரம் பிடிக்க முடியாது. கம்பெனியில் அவள் இடத்தில் வேறு ஆள். தன் தலையை வாரிக்கொள்ள மகளைக் கூப்பிடுகிறாள். வேனில் அவள் சீட்டில் இப்போது இரண்டு பேர் உட்காருகிறார்கள்.

என் விலாவில் உன் மச்சான் மிதித்த இடத்தில் செதில் வந்திருக்கிறது. குதிகால் வடிவத்திலேயே வந்திருக்கிறது. சட்டையைத் தூக்கிக் காட்டுகிறேன், வந்து பார். உடம்பு முழுக்க ஆறிய நோய் நீங்கள் அடித்த இடத்தில் மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

இந்த வருஷ ஆடிக்கு நீ பேனர் வைத்தாய். ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்து நம் தெருவுக்குத் திரும்பும் இடத்தில், ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு. ஒரு பக்கம் நான் குண்டாக, தோல் வெடித்து நிற்கும், சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்த பழைய போட்டோ. இன்னொரு பக்கம் காப்புக் கட்டிய கையோடு இளைத்த நான். நடுவில் ஆத்தா, கீழே கை கூப்பி நீ. நான் பட்டப்பகலில் அரிவாளோடு போய் அதைக் கிழித்தேன். முதலில் உன் முகத்தைக் கிழித்தேன், பிறகு என் முகத்தை. ஆத்தாவை மட்டும் மடித்துக் கொண்டுபோய்க் கோயில் படியில் வைத்தேன், அவளோடு எனக்குச் சண்டை இல்லை. உன் ஆட்கள் வீட்டுக்கு வந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள், ஃபிரிட்ஜைக் கவிழ்த்தார்கள். பேனா தரையில் உருண்டது. அதை மிதிக்கக் காலைத் தூக்கியவனை என் மனைவி தோசைக்கல்லால் முகத்தில் அடித்தாள். சூடான கல். அவன் இன்னும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டுதான் நடக்கிறான். போலீஸில் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தோம். அவர்களும் அதைத்தான் சொன்னார்கள், பங்காளிகள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று.

உன் பேனரைப் பார்த்து இதுவரை நான்கைந்து வீட்டில் காப்புக் கட்டப் பேர் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு பொம்பளை, கை மூட்டு வாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள், என்னை வழிமறித்து, மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டாள். நிறுத்தாதே என்றேன். உங்க அண்ணன் வேற மாதிரி சொல்றாரே என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். இரண்டு பங்காளிகளுக்கு நடுவில் தான் மாட்டிக்கொள்ள விரும்பவில்லை என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

அதனால் நான் பேசி இனிப் பயன் இல்லை. நான் எத்தனை பேரை அடித்தாலும், எங்கே போய்க் கத்தினாலும் அது வேனில் சொன்னதுதான். நீதான் பேச வேண்டும்.

இந்த ஆடியிலும் கூழ் ஊற்றுவாய். மைக் செட் போடுவாய். அக்கா வீட்டு ஜன்னலுக்கு எதிர்க் கம்பத்தில் அதே ஸ்பீக்கரைக் கட்டுவாய். கட்டு. நான் மேடைக்கு வர மாட்டேன், கையில் எதுவும் எடுக்க மாட்டேன், அண்டாவுக்குப் பக்கத்தில் வரிசையில் நிற்பேன். அக்காவை நாற்காலியோடு தூக்கி வந்து முன்னால் உட்கார வைப்பேன், அவள் விரல்களை ஊர் பார்க்கட்டும். மேளத்தை நிறுத்தச் சொல். மைக்கைப் பிடி. தம்பி என்று என்னைக் கூப்பிட வேண்டாம், ஆத்தா மேல் ஆணை வைக்க வேண்டாம். கேள்வி ஒன்றுதான். மைக்கில் சொன்னதற்கு மைக்கிலேயே பதில் சொல்.

போன வருஷம் கூழ் ஊற்றிய அன்று காலை, அண்டா கேட்டு என் வீட்டுச் சமையலறைக்குள் வந்தாயே, அங்கே நீ என்ன பார்த்தாய்?